அடைகாலத்தில் ஆட்களைத் துரத்தும் ஆண் வாத்து: ஆலோசனை தேவை

இலங்கையின் மலையகத்தில் அட்டனுக்கு அருகே, தோட்ட லயமொன்றில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மூன்று வருடங்களாக ஒரு சோடி வாத்துகளை (தாரா எனும் duck அல்ல, நீண்ட கழுத்துடைய பெரிய இனமான goose) வளர்த்து வருகிறோம். பெட்டை ஆறு முட்டைகளுடன் அடையில் அமர்ந்து இன்றுடன் 12 நாட்களாகின்றன. அன்றிலிருந்து ஆண் வாத்து கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறியபடி, வாசலைக் கடக்கும் எவரையும் துரத்துகிறது. கடந்த செவ்வாய்க்கிழமை பாடசாலைக்குச் சென்ற பக்கத்து வீட்டுச் சிறுமியின் கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டு சிறகால் அடித்ததில், பிள்ளையின் கால் கன்றிப்போனது. மறுநாள் யாரோ எறிந்த கல் பட்டு, அந்த ஆண் வாத்து ஒரு காலை ஊன்றாமல் நின்றதைக் கண்டபோது மனம் பொறுக்கவில்லை.

நான்கு அடி உயரத்தில் கம்பி வலை அடித்தேன். வலைக்கு அப்பால் ஆட்களைக் காணும்போதெல்லாம் மோதி மோதி மார்பு இறகுகள் உதிர்ந்துவிட்டன. கோழிக்கூட்டில் தனியே அடைத்தபோது இரவெல்லாம் கத்தியது. பெட்டையும் எழுந்து வந்துவிட்டதால், இந்தக் குளிரில் முட்டைகள் ஆறிவிடுமே என்று திறந்துவிட்டேன். லயத்தார் அனைவருக்கும் அந்த வாசல்தான் பாதை. பெட்டையை இடம் மாற்றினால் அடையைக் கைவிட்டுவிடும் என்றும் அஞ்சுகிறேன்.

குஞ்சு பொரிக்க எஞ்சியுள்ள ஏறக்குறைய இரண்டரை வாரங்களுக்கு, பிள்ளைகளுக்கும் ஆபத்தின்றி, அதுவும் அடிபடாமல், இந்த ஆண் வாத்தை எவ்வாறு வைத்திருப்பது?