மறு: வல்னரபிலிட்டிக்கு "தாங்காநிலை" சரியா வருமா?

> 'பாதிக்கப்படும் தன்மை'ன்னே வச்சிக்கலாமே, எல்லாருக்கும் புரியுதே

ஐயா வணக்கம். பேரிடர் பாடத்துல வர்ற 'வல்னரபிலிட்டி' (vulnerability, ஒரே அடி சிலர் மேல மட்டும் பலமா விழுற நிலை)ங்கிற சொல்லுக்குத்தானே தமிழ் தேடுறோம், நான் சொன்னது 'தாங்காநிலை'. நீங்க சொல்ற 'பாதிக்கப்படும் தன்மை' புரியுதுங்க, ஆனா 'தன்மை'ன்னு போட்டதும் அது அந்த ஆளோட பிறவிக் குணம் மாதிரி ஆயிடுது, எனக்கு உறுத்துறது அங்கதான். பேரிடர் ஆய்வு வந்த வழியைப் பாருங்க: 1917ல கனடாவுல ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துல வெடிமருந்துக் கப்பல் வெடிச்சுது, அந்த ஊர்லயே பாதிரியாரா இருந்த சாமுவேல் பிரின்ஸ் அதை வச்சு 1920ல ஆய்வேடு போட்டார். 1963ல அமெரிக்காவுல ஒஹையோவுல பேரிடர் ஆய்வுக்குன்னே ஒரு மையம் வந்துச்சு, அவங்க அதிகமா பார்த்தது அடி விழுந்தப்புறம் ஜனங்க என்ன பண்றாங்கன்னு (பீதியில சிதறி ஓடுறதைவிட பக்கத்து வீட்டுக்காரங்களை இழுத்துக் காப்பாத்துறதுதான் அதிகம்னு சொன்னாங்க, அது பெரிய விஷயம்). ஆனா அடி ஏன் சிலர் மேல மட்டும் பலமா விழுதுன்னு கேட்டு, 'இயற்கைப் பேரிடர்'ல இருந்து அந்த 'இயற்கை'யை எடுங்கன்னு 1976ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல மூணு பேர் எழுதினாங்க பாருங்க, நாம தேடுற சொல்லுக்கு உயிர் அதுலதான் இருக்கு. 1995 சிகாகோ வெயில்ல 700 பேருக்கு மேல செத்தாங்க, நிறைய பேர் தனியா இருந்த வயசானவங்க. வெயில் ஊருக்கே பொது.

எங்க அம்மாப்பேட்டைக்கு வாங்க. எங்க பெரியம்மா வீட்ல குழித்தறி (தரையில குழி எடுத்து, அதுல கால் வச்சு மிதிச்சு நெய்யுற கைத்தறி). அடைமழை பிடிச்சா தரைக்குள்ள இருந்தே குழியில தண்ணி ஊறும், பெரியம்மா சொம்பால மொண்டு மொண்டு ஊத்துவாங்க, மறுபடி ஊறும், கால் வச்சு மிதிக்க முடியாது, பாவு (தறியில நீளவாக்குல கட்டுன நூல்) ஈரம் வாங்கிடும், நெய்யலைன்னா கூலி கிடையாது. எதிர்ல மாடி வீட்டுக்கும் அதே மழைதான், அவங்க ஜன்னலைச் சாத்திட்டு தூங்குவாங்க. 2020 ஊரடங்குல மழையே இல்ல, நூல் வரல, அதே வீடுதான் முதல்ல கடன் வாங்குச்சு. அன்னைக்கு பெரியம்மா சொன்னது "இனி ஒரு மாசம் தாங்காது கண்ணு". நான் சொல்லை அங்கிருந்துதான் எடுத்தேன்.

மத்த சொல்லையும் பார்த்தேன். 'ஊறுபடுநிலை' நல்ல தமிழ், ஆனா வாயில வராது. 'ஆளாகுநிலை' எனக்கும் பிடிச்சுது, நோய்க்கு ஆளானான்னு சொல்றோமில்ல, ஆனா எங்க பக்கம் பொண்ணு 'ஆளாயிட்டா'ன்னா வேற அர்த்தம், வகுப்புல சொல்ல முடியாது.

அக்கா ஒருத்தங்க கேட்டிருந்தாங்க, தாங்காதுன்னா அதுவும் ஆளைக் குறை சொல்றதுதானேன்னு. இல்லீங்க அக்கா. சுவர் தாங்காதுன்னு சொன்னா அடுத்த கேள்வியே எவ்ளோ பாரம் ஏத்துனீங்க, யாரு கட்டுனது, முட்டு எங்கன்னுதான் வரும். பாரமும் முட்டும் சேர்ந்து தெரியுற சொல் வேற எனக்குக் கிடைக்கல. எதிர்ச்சொல்லா தாங்குதிறன் தானா வந்துடுது, மீள்திறன் அடிபட்டு எழுந்திரிக்கிறதுக்கு தனியா இருக்கட்டும்.

வாக்கியத்துல போட்டுப் பாருங்க: "தொற்று எல்லாத் தெருவுக்கும் வந்தது, தெருவுக்குத் தெரு தாங்காநிலை வேறாக இருந்தது." எங்கயாவது இடறுதுன்னா அந்த வாக்கியத்தோட எழுதுங்க, மாத்திக்கலாம்.