புரோவான்ஸ் கரையின் ரோசே: மண்ணின் ஒயினா, பயணிகளுக்கான ஒயினா?

கரைவழி:
மார்சேயிலிருந்து நீஸ் வரை கடலோரமாக எட்டு நாள் பயணம் செய்து திரும்பியிருக்கிறேன். பிரான்சின் தென்கரையான புரோவான்ஸுக்குப் போகிறேன் என்றதும் பலரும் சொன்ன அறிவுரை, புய்யாபேஸ் என்னும் மீன்குழம்பைச் சாப்பிட வேண்டும், ரோசே என்னும் இளஞ்சிவப்பு ஒயினைக் குளிரக் குடிக்க வேண்டும் என்பதுதான். இரண்டையும் செய்தேன், இரண்டும் இன்று பயணிகளை நம்பியே நிற்கின்றன என்ற முடிவோடு வந்தேன். விலைபோகாத, முள் மிகுந்த பாறைமீன்களை மீனவர்கள் கரையிலேயே கொதிக்கவைத்துப் பசியாறிய உணவு புய்யாபேஸ். அதற்கு ஒரு துறைமுக உணவகத்தில் நான் ஒருவனாக 70 யூரோ கொடுத்தேன். வந்த குழம்பில் குங்குமப்பூவின் நிறம் இருந்தது, மணம் இல்லை. ஒயினின் நிலை இன்னும் வருத்தம் தருகிறது. புரோவான்ஸ் ஒயினில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு ரோசே. விளைச்சல் இப்படி ஒரே நிறத்தின் பக்கம் சாய்ந்துவிட்டதால், பாண்டோல் ஊரின் சிவப்பு ஒயினும் காசிஸ் ஊரின் வெள்ளை ஒயினும் அந்தக் கரையிலேயே தேடிப் பெற வேண்டியவை ஆகிவிட்டன.

உப்புக்காற்று:
உங்களுக்கு வாய்த்தது மோசமான உணவகம் என்பதை ஏற்கிறேன். அதை வைத்து உணவையே தள்ளிவிடுவதை ஏற்க முடியாது. இந்தச் சீரழிவைத் தடுப்பதற்காகத்தான் மார்சேய் உணவகத்தார் சிலர் 1980இல் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள். ராஸ்காஸ் என்னும் முள்மீன், சேன்-பியேர், விலாங்கு போல் நீண்ட கோங்கர் முதலிய பட்டியலிலிருந்து குறைந்தது நான்கு வகை மீன்களாவது சேர வேண்டும், மீன்களை உண்பவரின் கண்முன்னே அறுத்துப் பரிமாற வேண்டும் என்று அது சொல்கிறது. பூண்டும் குங்குமப்பூவும் மிளகாயும் அரைத்த ரூய் விழுதை வறுத்த ரொட்டியில் தடவி, முதலில் சாற்றைக் குடித்துவிட்டுப் பிறகு மீனை எடுத்துக்கொள்வதே முறை. பாறைமீன் அன்றன்று வலையில் கிடைப்பதைப் பொறுத்தது. சாற்றுக்கென்று சிறு மீன்களைத் தனியே வேகவைத்து அரைத்து வடிகட்ட வேண்டும். விலை ஏறியதற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம். அதனால்தான் பல உணவகங்களில் முந்தின நாளே சொல்லிவைக்கச் சொல்கிறார்கள்.

ரோசே விஷயத்திலும் உங்களோடு உடன்பட முடியவில்லை. பூண்டும் ஆலிவ் எண்ணெயும் நெத்திலியும் ஆளும் சமையல் அது. துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் மீனோடு சேரும்போது நாவில் உலோகச் சுவை தட்டுகிறது. மென்மையான வெள்ளையோ ரூயின் காரத்தில் அமுங்கிப்போகிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது ரோசேதான். கிரெனாஷ், சின்சோ போன்ற கருந்திராட்சைகளை வெயில் ஏறுமுன் பறித்து, தோல் சாற்றில் சில மணி நேரத்துக்கு மேல் ஊறாமல் பிழிந்தெடுப்பது எளிய வேலை அன்று. 1999இல் அங்கே விடோபான் ஊரில் ரோசேவுக்கென்றே ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள்.

கொடித்தோட்டம்:
உப்புக்காற்று சொல்வதில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. காசிஸின் வெள்ளை பூண்டின் முன் அமுங்கிப்போகும் ஒயின் அன்று. மார்சன், கிளெரெத் திராட்சைகளிலிருந்து கடலோரச் சுண்ணாம்பு மண்ணில் உருவாகும் அதில் உப்பின் சாயலும் நல்ல கனமும் உண்டு. அந்த ஊரில் விளைந்தது மட்டுமே அதன் பெயரில் விற்கப்படலாம் என்னும் ஊர்ப்பெயர் உரிமையை 1936இலேயே பெற்ற ஒயின் அது. காசிஸ் மார்சேய்க்குப் பக்கத்து ஊரும்கூட. புய்யாபேஸுக்கு நான் எடுப்பது அதைத்தான்.

சிவப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாண்டோலின் சிவப்பில் குறைந்தது பாதி மூர்வேத்ர் என்னும் கருந்திராட்சை இருக்க வேண்டும், 18 மாதமாவது மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும் என்பது விதி. மூர்வேத்ர் மிகத் தாமதமாகப் பழுக்கும் கொடி. கடலைப் பார்த்த அந்தப் படிக்கட்டுச் சரிவுகளின் வெயிலும் கடலின் ஈரமும் இல்லாத இடத்தில் அது முழுமையாகக் கனிவதில்லை. வடக்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரல் காற்று இலைகளை உலர்த்திப் பூசண நோயைத் தள்ளிவைக்கிறது. இவ்வளவும் கூடிவந்த ஓரிடத்தில் விளைவதைப் பத்தாண்டு கிடத்தி வைக்காமல் அடுத்த கோடைக்குள் குடித்துத் தீர்ப்பது எனக்கு மனத்தாங்கலாகவே இருக்கிறது.

உப்புக்காற்று:
அதே பாண்டோலில் இன்று மிகுதியாக உருவாவதும் ரோசேதான் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதிலும் மூர்வேத்ர் சேர்கிறது. இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். பத்தாண்டு காத்திருக்கும் வசதி எல்லா விவசாயிகளுக்கும் கிடையாது. அடுத்த ஆண்டே விற்று முதல் திரும்பும் ஒயின் இல்லாவிட்டால், கடற்கரை நிலத்துக்கு இன்று இருக்கும் விலையில், அந்தச் சரிவுகளில் கொடிகளுக்குப் பதிலாக விடுமுறை இல்லங்கள்தான் எழுந்திருக்கும்.

கரைவழி:
நிலத்தின் விலையை நான் எண்ணிப்பார்க்கவில்லை. அது வலுவான வாதம். ஆயினும் என் கேள்வி நிறத்தைப் பற்றியது. ஆண்டுக்காண்டு வெளிறிக்கொண்டே போகும் நிறத்தையே தரம் என்று வாங்குபவர் நம்பிவிட்டார்கள். அந்த வெளிறலைத் தருவது குளிரூட்டிய தொட்டியும் விரைவாகப் பிழிதலும்தான். மண்ணுக்கு அதில் பங்கு குறைவு.

எனக்கு நிறைவு தந்தது நீஸ் நகரம் என்பதையும் சொல்ல வேண்டும். கொண்டைக்கடலை மாவையும் ஆலிவ் எண்ணெயையும் கரைத்து, அகன்ற செப்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டுத் தரும் சொக்காவை, மிளகு தூவிக் கையாலேயே பிய்த்துத் தின்றேன். சில யூரோதான். உள்ளூர் முதியவர்களும் அதே வரிசையில் நின்றார்கள். 1860வரை சாவோய் அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்த ஊர் அது. எல்லைக்கு அப்பால் இத்தாலியின் லிகூரியாவில் இதே பண்டம் ஃபாரினாத்தா என்ற பெயரில் கிடைக்கிறது.

கொடித்தோட்டம்:
நீஸ் நகர எல்லைக்குள்ளேயே மேட்டில் பெலே என்ற சிறிய திராட்சைப் பகுதி இருக்கிறது. பிராகே என்னும் உள்ளூர்த் திராட்சையில் செய்யும் அதன் ரோசேயைச் சொக்காவோடு குடித்துப் பார்த்தீர்களா?

கரைவழி:
இல்லை, சொக்காவோடு நான் குடித்தது தண்ணீர்தான். பெலேயை அடுத்த பயணத்துக்குக் குறித்துக்கொண்டேன். பாண்டோல் ரோசேயையும் என் குற்றச்சாட்டிலிருந்து விலக்கிக்கொள்கிறேன். துறைமுகத்தில் கொடுத்த 70 யூரோவைப் பற்றிய என் கருத்தில் மட்டும் மாற்றமில்லை.