கிறிஸ்பர் வந்த பிறகும் விகார மீன்களைத் தேடி அலைய வேண்டுமா?

மாதுளை:
கம்பஸில் இறுதியாண்டு. முள்ளந்தண்டுளிகளில் ஒரு பரம்பரையலகைக் (ஜீன்) கண்டுபிடித்து, அதன் தொழிலை அறிவது எப்படி என்று கருத்தரங்கில் பேச வேண்டும். இரண்டு வழி சொல்கிறார்கள். குறையுள்ள விலங்கில், அதாவது விகாரியில், தொடங்கி எந்தப் பரம்பரையலகு கெட்டது என்று தேடுவது ஒன்று. பரம்பரையலகை நாமே வெட்டிவிட்டு என்ன கெடுகிறது என்று பார்ப்பது மற்றது. 2020இல் நோபல் பரிசு பெற்ற, டி.என்.ஏ.யை வெட்டும் கத்தரியான கிறிஸ்பர் கையில் இருக்கும்போது முதல் வழிக்கு இன்னும் இடம் உண்டா?

கோண்டாவிலான்:
இல்லை. நூதனசாலையில் வைக்கலாம். 1950இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் அளவுமீறிக் கொழுத்த சுண்டெலிகளைப் பற்றி எழுதினார்கள். கெட்டது பசியை அடக்கும் லெப்டின் ஓமோனின் பரம்பரையலகு என்று தெரிந்தது 1994இல். 44 வருடம்! இன்று சீப்ரா மீனின் முட்டை முதல்முறை பிரிவதற்கு முன், முக்கால் மணித்தியாலத்துக்குள், வெட்டும் காஸ்9 நொதியத்தையும், எங்கே வெட்டுவது என்று காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.யையும் ஊசியால் ஏற்றினால் போதும். முளையம் ஒளிபுகுவது, தாயின் உடலுக்கு வெளியே வளர்வது. மறுநாளே இதயம் துடிப்பதைப் பார்க்கலாம்.

தட்டைவடை:
தம்பி, அந்த 44 வருடம் வரிசை வாசிக்க வசதியில்லாத காலத்துக் கணக்கு. இப்போது ஒரே குறையுள்ள மீன்கள் கொஞ்சத்தின் டி.என்.ஏ.யைக் கலந்து முழு ஜீனோமையும் வாசித்தால், கெட்ட இடம் நிறமூர்த்தத்தின் எந்தத் துண்டில் என்று சீக்கிரமே சிக்கிவிடும்.

என் கேள்வி வேறு. எதை வெட்டுவது என்று உங்களுக்கு யார் சொன்னது?

கோல்டன் என்ற சீப்ரா மீன் வகையை எடுங்கோ. வரிகள் மங்கியிருக்கும், அவ்வளவுதான். 2005இல் அதன் காரணத்தைத் தேடிப் போனவர்கள் எஸ்.எல்.சி.24.ஏ5 என்ற பரம்பரையலகில் போய் நின்றார்கள். நிறத்தோடு அதற்குத் தொடர்பு என்று அதற்கு முன் யாரும் அதை வெட்டிப் பார்க்கவில்லை. மனிதனுடைய அதே பரம்பரையலகின் ஆர்.என்.ஏ.யை மீன் முளையத்தில் ஏற்றினார்கள், நிறம் திரும்பியது. பிறகு மனிதரில் பார்த்தால், புரதத்தின் 111ஆம் இடத்தில் அலனீன் போய்த் திரெயோனீன் வந்த வடிவம் ஐரோப்பியரில் ஏறக்குறைய எல்லோரிடமும். தெற்காசியாவிலும் அது பரவலாக உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் கறுப்பு, தங்கச்சி வெள்ளை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். (கலியாணத் தரகர்களுக்கு யாரும் சொல்லிவிடாதேங்கோ.)

இது பட்டியல் போட்டு வெட்டிக் கிடைத்த விடை இல்லை. மீனைப் பார்த்துக் கிடைத்தது.

கோண்டாவிலான்:
நல்ல கதை, சேர். ஆனால் அகப்பட்டவற்றின் கதையைத்தான் சொல்கிறீர்கள். ஆண் மீன்களை டி.என்.ஏ.யில் விகாரம் உண்டாக்கும் ஈ.என்.யூ. என்ற இரசாயனக் கரைசலில் நீந்தவிட்டு, மூன்றாம் தலைமுறை வரை வளர்த்து, நாலில் ஒரு குஞ்சுக்கு வரும் குறையைத் தேடுகிறீர்கள். ஜேர்மனியின் டியூபிங்கனிலும் அமெரிக்காவின் பொஸ்டனிலும் அப்படித்தான் செய்தார்கள். 1996 டிசம்பரில் ஓர் ஆய்விதழின் முழு இதழும் அந்த முடிவுகளுக்கே போனது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இரசாயனம் எங்கே அடிக்கிறது என்பது அதன் விருப்பம். மனிதனில் புரதம் செய்யும் பரம்பரையலகுகள் சுமார் 20,000. அடிபடாமல் போனவற்றை எப்போது பார்ப்பீர்கள்? மீன்களில் பலவற்றுக்கு இரண்டு பிரதி வேறு. ஒன்று கெட்டால் மற்றது சமாளிக்கும், உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கிறிஸ்பரால் இரண்டையும் ஒரேயடியாக வெட்டலாம்.

தட்டைவடை:
வெட்டியும் ஒன்றும் தெரியாமல் போவதைச் சொல்லவில்லையே? ஈ.ஜி.எஃப்.எல்.7 என்ற பரம்பரையலகின் வேலையை, அதை வெட்டாமல் அதன் ஆர்.என்.ஏ.யை மட்டும் மறிக்கும் மோர்போலினோவால் தடுத்தபோது குருதிக்கலன்கள் குழம்பின. அதையே வெட்டிய மீன்கள் சுகமாக நீந்தின. வேறு பரம்பரையலகுகள் கூட வேலைசெய்து ஈடுகட்டின என்று 2015இல் காட்டினார்கள். அதே ஆண்டு இன்னொரு குழு, மோர்போலினோவில் தெரிந்த குறைகளில் ஏறக்குறைய 80 வீதம் விகார மீன்களில் இல்லை என்றது. எதை நம்புவது?

கோண்டாவிலான்:
ஈ.என்.யூ. ஒரு பரம்பரையலகைப் பாதியில் நிறுத்தினாலும் அதே ஈடுகட்டல் வரலாம், சேர். அது கத்தரியின் குற்றம் மட்டும் இல்லை.

தட்டைவடை:
சரி, அது நியாயம். ஆனால் ஈ.என்.யூ. பெரும்பாலும் டி.என்.ஏ.யின் ஒரு எழுத்தைத்தான் மாற்றும். முழுதாக இல்லாமல் போனால் முளையமே செத்துவிடும் பரம்பரையலகில், அரைகுறையாக வேலைசெய்யும் வடிவம் கிடைக்கும். சுண்டெலியில் மூன்றில் ஒரு பங்கு பரம்பரையலகுகளை நீக்கினால் குட்டி பிழைப்பதில்லை, அல்லது சிலதான் பிழைக்கும். வளர்ந்த எலியில் அவற்றுக்கு என்ன வேலை என்று செத்த முளையத்திடம் எப்படிக் கேட்பீர்கள்?

ஓடக்கரை:
நீங்கள் இரண்டு பேரும் புரதம் செய்யும் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். ஆறு விரலோடு பிறக்கும் பிள்ளைகளை ஊரில் எல்லோரும் கண்டிருப்போம். அவர்களில் சில குடும்பங்களில் பிழை எந்தப் புரதத்திலும் இல்லை. சொனிக் ஹெட்ஜ்ஹொக் என்ற பரம்பரையலகைக் கைகால் மொட்டில் இயக்கும் ஆளி (சுவிட்ச்) ஒன்று, அதிலிருந்து சுமார் பத்து லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு பரம்பரையலகின் நடுவில் இருக்கிறது. பெயர் இசட்.ஆர்.எஸ். அதில் ஒரு எழுத்து மாறினாலே விரல் கூடலாம்.

அது பிடிபட்டதும் ஒரு வழியால் இல்லை. விரல் கூடிய எலி, விரல் கூடிய குடும்பங்கள், மனிதன் முதல் மீன் வரை மாறாமல் நின்ற வரிசை எல்லாம் ஒரே இடத்தைக் காட்டின. 2016இல் எலியின் இசட்.ஆர்.எஸ்.ஐ எடுத்துவிட்டுப் பாம்பினுடையதை வைத்தார்கள், கிறிஸ்பரால்தான். கைகால் குறுகிப் போயிற்று. பாம்பில் தொலைந்திருந்த 17 எழுத்தைத் திரும்பச் சேர்த்ததும் எலிக்குக் கால் வளர்ந்தது.

கோண்டாவிலான்:
கடைசியில் நிரூபித்தது கத்தரி.

தட்டைவடை:
கைகாட்டியது ஆறாவது விரல்.

மாதுளை:
இசட்.ஆர்.எஸ்.ஐயே எடுக்கப் போகிறேன். இங்கே மீன் வளர்த்துச் செய்ய முடியுமா என்றும் யோசித்தேன்.

ஓடக்கரை:
தங்கச்சி, சீப்ரா மீனுக்கு வேண்டியது 28.5 பாகை. எங்கள் ஊரில் அதற்குச் சூடாக்கியே தேவைப்படாது. தண்ணீர்தான் பிரச்சினை. சுண்ணாம்புக் கிணற்று நீர், அதில் நைத்திரேற்று வேறு. சுத்திகரிக்காமல் பெருக்க நினைக்காதேங்கோ. ஈ.என்.யூ. கடுமையான புற்றுநோய்க்காரணி, சரியான வசதி இல்லாத கூடத்தில் போத்தலைத் திறக்கவே கூடாது. என்செம்பிள் என்ற ஜீனோம் இணையதளத்தில் மனிதன், கோழி, பாம்பு, மீன் வரிசைகள் இலவசம். கோழியில் தொடங்குங்கோ.

கோண்டாவிலான்:
தொடங்கட்டும். ஆனால் மாறாமல் இருக்கிறது என்பதால் மட்டும் இதற்கு இன்ன வேலை என்று சிலைடில் எழுதாதேங்கோ, தங்கச்சி. மனிதன், எலி இரண்டிலும் எழுத்துப் பிசகாமல் இருந்த சில துண்டுகளை 2007இல் நீக்கிப் பார்த்தார்கள். எலிகள் ஒழுங்காக வளர்ந்து குட்டியும் போட்டன.

தட்டைவடை:
அந்த எலிகளிடம் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்றும் அதே சிலைடில் போடுங்கோ, பிள்ளை.