மரத்தில் செதுக்கிய ஸ்பிட்ஃபயர், 14,000 ரூபாய்க்குத் தகுமா?

பாதிச்சிறகு:
அப்பா விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த மாதம் 70 முடிகிறது, அதற்காக மஹாகனியில் கையால் செதுக்கிய ஸ்பிட்ஃபயர் போர் விமான மாதிரி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், ஸ்டாண்டோடு 14,000 சொல்கிறார்கள். ‘1940 பிரிட்டன் போர், 1/24 அளவு’ என்று போட்டிருக்கிறது. உடம்பில் ஏ இசட் என்று எழுத்து, அது மெட்ராஸ் ஸ்க்வாட்ரன், அதாவது மெட்ராஸ் பெயர் கொண்ட விமானப் பிரிவு, என்கிறார் விற்பவர், ஆசாமி கதை விடுகிறாரோ என்று சந்தேகம். கறுப்பு வெள்ளைப் பட்டையெல்லாம் போட்டு அம்சமாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா?

உப்புத்தாள்:
மெட்ராஸ் விஷயம் கதையில்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆம் ஸ்க்வாட்ரனுக்கு மெட்ராஸ் பிரசிடென்சி என்றுதான் பெயர், 1940 ஆகஸ்டில் மிடில் வாலப் தளத்திலிருந்து ஸ்பிட்ஃபயரில் சண்டை போட்டது, அதன் எழுத்தும் ஏ இசட்தான். இடிப்பது அந்தப் பட்டை. அது 1944 ஜூனில் நார்மண்டி தரையிறக்கத்துக்காக அடித்தது, நம் ஆளே நம் விமானத்தைச் சுட்டுவிடக் கூடாது என்று. 1940 விமானத்தில் அதற்கு வேலையே இல்லை. புரொப்பல்லரில் எத்தனை இலை?

பாதிச்சிறகு:
நான்கு.

கவிழ்த்துப்பார்:
அப்போது அது மார்க் 9, ஸ்பிட்ஃபயரில் பின்னால் வந்த வகை, சார். பிரிட்டன் போரில் பறந்தவற்றுக்கு மூன்று இலைதான். எதற்கும் கவிழ்த்துப் போட்டு ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள், வயிற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும். மார்க் 1 என்றால் வலது இறக்கைக்கு அடியில் பெட்டி மாதிரி ரேடியேட்டர், இடது பக்கம் ஒல்லியாக ஒரு ஆயில் கூலர், ரெண்டும் ஜோடி சேராது. ரெண்டு பக்கமும் ஒரே பெட்டி என்றால் 1942இல் படைக்கு வந்த மார்க் 9. செதுக்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு படத்தைப் பார்த்து மேல்பக்கத்தை முடித்துவிட்டு, அடியில் பார்க்க யார் வரப்போகிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் அப்பா பார்ப்பார். அப்புறம், இறக்கை நுனிக்கு நுனி அளந்து சொல்லச் சொல்லுங்கள். நிஜ விமானத்தில் 11.23 மீட்டர், 1/24 என்றால் 47 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரணும்.

பாதிச்சிறகு:
கேட்டேன். 35 சென்டிமீட்டராம். அடியில் ரெண்டு பக்கமும் பெட்டி.

கவிழ்த்துப்பார்:
35 என்றால் 1/32. எழுத்து 1940, இன்ஜின் 1942, பெயின்ட் 1944, நல்ல கூட்டணி!

மரத்தூள்:
இவர்கள் சொல்வது சரிதான், ஆனால் எனக்கு மரம்தான் முக்கியம். நான் ஒன்று வாங்கி ஏசி அறையில் வைத்தேன், ஆறே மாதத்தில் இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் முடி மாதிரி ஒரு விரிசல், அப்புறம் பெயின்ட் செதில் செதிலாக வந்துவிட்டது. பச்சை மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள், வேறென்ன. அந்த இணைப்பைக் கிட்டத்தில் படம் எடுத்துக் கேளுங்கள், பட்டி அடைத்த இடம் பெயின்டுக்கு மேலேயும் லேசாக மேடு தட்டும். இறக்கையின் பின்விளிம்பையும் பாருங்கள். முன்விளிம்பை விட அதுதான் நன்றாக வளையணும், ஸ்பிட்ஃபயரின் அழகே அதில்தான். உளி போட அலுத்துப் போய் நேராக விட்டு நுனியை மட்டும் உருட்டியிருந்தால் 4,000கூடப் பெறாது.

பாதிச்சிறகு:
பின்விளிம்பு வளைந்துதான் இருக்கிறது, இணைப்பும் சுத்தம். 1/32 என்று ஒப்புக்கொண்டு 9,000க்கு இறங்கிவிட்டார். பட்டையை அழித்து மூன்று இலை மாட்டித் தருகிறேன் என்கிறார்.

உப்புத்தாள்:
வேண்டாம், ரேடியேட்டர் அப்படியேதானே இருக்கும். ஏ இசட்டை மட்டும் எடுத்துவிட்டு, 1944இல் மார்க் 9 ஓட்டிய ஒரு ஸ்க்வாட்ரனின் எழுத்தைப் போடச் சொல்லுங்கள், பட்டையும் நான்கு இலையும் தானாகப் பொருந்திவிடும். மெட்ராஸ் போய்விடும், அது ஒன்றுதான் குறை.

பாதிச்சிறகு:
சரி, மெட்ராஸ் போகட்டும். அப்பா முதல் வேலையாகக் கவிழ்த்துத்தான் பார்ப்பார்.