ஓய்வுபெற்ற பிறகும் அனுமதி கேட்டுத்தான் பேச வேண்டுமா? துணை ராணுவத்தினரைக் கட்டுப்படுத்தும் 2021 ஓய்வூதிய விதி குறித்த விவாதம்

ராஜசேகரன், ஆவடி (மத்திய ரிசர்வ் போலீஸ் படை, ஓய்வு):

அனைவருக்கும் வணக்கம். 2021 மே 31 அன்று மத்திய அரசு தனது குடிமைப் பணியாளர் ஓய்வூதிய விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் பணியாற்றியவர், ஓய்வுபெற்ற பிறகும் அந்த அமைப்பின் செயற்களம் பற்றியோ, அங்கு பணியாற்றியவர்கள் பற்றியோ, அங்கு பெற்ற அனுபவ அறிவைக் கொண்டோ எதை வெளியிடுவதானாலும் அமைப்பின் தலைவரிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்பது அதன் சாரம். நூல் மட்டுமல்லாமல் கடிதம், துண்டறிக்கை, ஊடகப் பேட்டி எல்லாமே வெளியீடுதான். மீறினால் ஓய்வூதியத்தை நிறுத்தி வைக்கலாம், திரும்பப் பெறவும் செய்யலாம். 2008இலேயே இப்படி ஒரு விதி இருந்தது என்றாலும் அது நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு போன்றவற்றைப் பாதிக்கும் தகவல்களைப் பற்றியதாக மட்டுமே இருந்தது. இப்போது நாம் வாழ்ந்த வாழ்க்கை முழுவதுமே அனுமதிக்கு உட்பட்டதாகிவிட்டது.

அந்த அட்டவணையில் உளவு அமைப்புகளான ஐ.பி.யும் ராவும் மட்டும் இல்லை. மத்திய ரிசர்வ் போலீஸ் படை, எல்லைப் பாதுகாப்புப் படை, இந்தோ திபெத் எல்லைக் காவல் படை, மத்திய தொழில் பாதுகாப்புப் படை, அசாம் ரைபிள்ஸ் எல்லாமே இருக்கின்றன. இரகசியக் கோப்பு எதையும் கண்ணால் கூடப் பார்த்திராத காவலரும் இதில் அடக்கம்.

நான் இதை எழுதக் காரணம் புல்வாமா. 2019 பிப்ரவரி 14 அன்று 78 வாகனங்களில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட எங்கள் படையினர் ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்குச் சாலை வழியாகச் சென்றபோது அங்கே நடந்த தற்கொலைத் தாக்குதலில் நாற்பது பேரை இழந்தோம். அவர்களில் இருவர் தூத்துக்குடி, அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஒரு வாரம் கழித்து, அதுவரை விமானப் பயணத்துக்குத் தகுதியற்றவர்களாக வைக்கப்பட்டிருந்த காவலர், தலைமைக் காவலர், உதவி சார்பு ஆய்வாளர் நிலையிலுள்ள ஏறத்தாழ 7.8 லட்சம் பேருக்கு அந்தத் தடத்தில் விமானத்தில் செல்ல உள்துறை அமைச்சகம் அனுமதி வழங்கியது. பிப்ரவரி 21 அன்று கொடுக்க முடிந்ததைப் பிப்ரவரி 13 அன்று ஏன் கொடுக்க முடியவில்லை? அப்போது ஜம்மு காஷ்மீர் ஆளுநராக இருந்த சத்யபால் மாலிக், படை விமானம் கேட்டதாகவும் அது மறுக்கப்பட்டதாகவும் 2023 ஏப்ரலில் வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்னது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் ஆளுநராக இருந்தவர் பேசலாம், அந்த வாகன வரிசையில் ஆண்டுக்கணக்கில் பயணம் செய்தவன் வாய் திறந்தால் ஓய்வூதியம் போகும் என்பது எந்த நியாயத்தில் சேரும்?

பழனிவேல், கோயம்புத்தூர் (எல்லைப் பாதுகாப்புப் படை, துணை கமாண்டன்ட், ஓய்வு):

ராஜசேகரன், உங்கள் வேதனை எனக்கும் உண்டு. நானும் சவப்பெட்டிகளுக்குத் தோள் கொடுத்தவன். ஆனாலும் இந்த விதி தேவை என்றே கருதுகிறேன்.

இரகசியக் கோப்பைப் பார்க்காத காவலருக்கு இரகசியம் தெரியாது என்கிறீர்கள். வாகன வரிசை எத்தனை மணிக்குப் புறப்படும், வண்டிக்கும் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி விடப்படும், சாலையைச் சோதித்துத் திறந்துவிடும் அணி எந்த இடத்தில் நிற்கும், எங்கே நிற்காது, எந்த வளைவில் வேகம் குறையும் என்பதெல்லாம் டெல்லியில் உள்ள செயலருக்குத் தெரியாது. நம் காவலருக்குத்தான் தெரியும். அவர் நண்பர்களின் நினைவாகக் கண்ணீருடன் எழுதும் கட்டுரையில் இவற்றில் இரண்டு விவரங்கள் தற்செயலாக வந்துவிடும், வேறொருவர் பேட்டியில் இன்னும் இரண்டு வரும். எதிரிக்கு ஒரே இடத்தில் முழுச் செய்தியும் கிடைக்க வேண்டியதில்லை.

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது கமாண்டோக்களின் நகர்வுகளைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் அதைப் பார்த்தபடியே தொலைபேசியில் பயங்கரவாதிகளுக்கு வழிகாட்டினார்கள். 2012 ஆகஸ்டில், அந்தத் தாக்குதலில் உயிருடன் பிடிபட்ட கசாப்பின் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே ஊடகங்களை இதற்காகக் கடுமையாகக் கண்டித்தது. பேச்சுரிமையின் விலையை அங்கு நின்ற வீரன் கொடுக்க நேர்ந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. இன்றும் அதே சாலையில் நம் பிள்ளைகள் பயணம் செய்துகொண்டிருக்கிறார்கள். அனுமதி கேளுங்கள் என்றுதானே விதி சொல்கிறது, பேசவே கூடாது என்று சொல்லவில்லையே.

அந்தோணிசாமி, தஞ்சாவூர் (தீயணைப்பு நிலைய அலுவலர், ஓய்வு):

பழனிவேல் சாருக்கு என் மறுப்பைப் பணிவுடன் பதிவு செய்கிறேன். இந்த விதி எங்கள் துறையைத் தொடாது. பணியில் இருந்தவரை மாநில அரசின் நடத்தை விதிகள் எங்களைக் கட்டுப்படுத்தின, ஓய்வுபெற்றதும் அந்தக் கட்டு நீங்கியது. அதனால் பேசுவதால் என்ன பயன் என்பதை அனுபவத்திலிருந்து சொல்ல முடியும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ கூரைக்கு ஏறி, கீற்று வேய்ந்த வகுப்பறைகளை அள்ளிக்கொண்டது. அங்கு பணியாற்றிய எவரும் அதற்குப் பிறகு பழைய மனிதராக வீடு திரும்பவில்லை. பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தியாக இருப்பதற்கு அரசாணை மட்டும் காரணமன்று. குறுகிய படிக்கட்டு, அடைசலான வகுப்பறைகள், வெளியேற ஒரே வழி என்று நேரில் கண்டவர்கள் ஊர் ஊராகச் சொன்னதும் காரணம். தீயணைப்போர் வாரம் என்று ஒவ்வோர் ஏப்ரல் 14 அன்றும் தொடங்குகிறோமே, அது 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள். ஒரே கப்பலில் பருத்திப் பொதிகளையும் வெடிபொருளையும் ஏற்றி வைத்திருந்தார்கள் என்பது வெளியே பேசப்பட்டதால்தான் அந்த நாளில் பாடம் நடத்த முடிகிறது. யாரும் பேசாமல் இருந்திருந்தால் மலர்வளையம் வைப்பதோடு அந்த நாள் முடிந்திருக்கும்.

மும்பை நேரலையை ராஜசேகரன் அண்ணன் கேட்கும் உரிமையோடு சேர்ப்பது பொருந்தவில்லை. அங்கே நடந்தது தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது நடந்த ஒளிபரப்பு. இவர் கேட்பது, எல்லாம் முடிந்து, விசாரணையும் முடிந்து, சீருடையையும் கழற்றிய பிறகு பேசும் உரிமை.

முருகேஸ்வரி, சிவகங்கை:

நான் பணியில் இருந்தவள் அல்லள். பணியில் இறந்த ஒருவரின் மனைவி. எந்தப் படை, எந்த ஆண்டு என்பதைச் சொல்ல விரும்பவில்லை.

என் கணவர் எப்படி இறந்தார் என்பதை எனக்கு அனுப்பப்பட்ட கடிதம் இரண்டே வரிகளில் சொல்லியது. கடமையின்போது வீரமரணம் அடைந்தார் என்று இருந்தது. எந்த நேரத்தில், யார் அருகில் இருந்தார்கள், காயம்பட்ட பிறகு எவ்வளவு நேரம் உயிர் இருந்தது, தண்ணீர் கேட்டாரா என்பதெல்லாம் அதில் இல்லை. இவற்றை எனக்குச் சொன்னவர் படையில் அவருடன் ஒரே கம்பெனியில் இருந்த நண்பர். ஓய்வுபெற்ற பிறகு வீட்டுக்கு வந்து, என் மாமியார் காலடியில் அமர்ந்து, ஒரு பிற்பகல் முழுவதும் சொன்னார். அதன் பிறகுதான் எங்கள் வீட்டில் சாப்பாடு சாப்பாடாக இருந்தது.

அவர் சொன்னதை நான் எழுதினால் அவருக்குத் தீங்கு வருமா? ராஜசேகரன் அண்ணன் எடுத்துக்காட்டிய விதியில் கடிதம் என்றும் இருக்கிறதே. அவர் எங்கள் மகளுக்கு எழுதித் தந்த நான்கு பக்கங்களை இப்போது நான் ஒளித்து வைக்க வேண்டுமா? பழனிவேல் ஐயா இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுபேதார் வேலாயுதம், கம்மவான்பேட்டை (ராணுவம், ஓய்வு):

அம்மா, உங்கள் வீட்டுக்கு வந்த அந்தத் தோழர் செய்தது எங்கள் கடமை. அதைக் குற்றம் என்று சொல்லும் விதி எதுவானாலும் அதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் பொதுவெளியில் பேசுவதைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார்கள். சீருடையைக் கழற்றினாலும் பதவிப் பெயர் நம்மோடு வருகிறது. நான் பேசினால் வேலாயுதம் பேசுகிறான் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, ராணுவம் பேசுகிறது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 2019 தேர்தல் நேரத்தில் ராணுவத்தை அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்களின் பெயர்களோடு குடியரசுத் தலைவருக்கு ஒரு கடிதம் போனது. நல்ல நோக்கம்தான். மறுநாளே முன்னாள் தளபதிகள் சிலர் தங்கள் ஒப்புதல் இல்லாமல் பெயர் சேர்க்கப்பட்டதாக மறுத்தார்கள். உடனே அந்தக் கடிதமும் இரு கட்சிகளின் கைப்பொருளாகிவிட்டது. அரசியலை விலக்கச் சொன்ன கடிதமே அரசியலுக்குள் இழுக்கப்பட்டது.

இரவு ஒன்பது மணி விவாதங்களில் மீசையை முறுக்கிக்கொண்டு நாளையே போர் தொடுக்கச் சொல்லும் ஓய்வுபெற்ற உயரதிகாரிகளைப் பார்க்கும்போது எனக்கு உள்ளம் கொதிக்கிறது. முன்வரிசையில் போகப்போவது அவர்கள் அல்லர். சட்டம் இருக்கிறதோ இல்லையோ, நாமே நமக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும்.

ராஜசேகரன், ஆவடி:

சுபேதார் சாப், நாமே வகுத்துக்கொள்ளும் எல்லையை நானும் ஏற்கிறேன். ஓய்வூதியத்தைப் பணயமாக வைத்து இன்னொருவர் வகுக்கும் எல்லையைத்தான் எதிர்க்கிறேன். நீங்கள் சொல்லும் அந்தத் தொலைக்காட்சி அதிகாரிகளில் பலர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள். இந்தக் குடிமை ஓய்வூதிய விதி முப்படையினருக்குப் பொருந்தாது. ஆகவே உரக்கப் பேசுபவரை இது தடுக்கவில்லை, மாதக் கடைசியில் ஓய்வூதியத்தை எதிர்பார்த்திருக்கும் காவலரைத்தான் தடுக்கிறது.

சட்டத்தையும் பாருங்கள். அரசியலமைப்பின் 33ஆம் பிரிவு படைகளில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பணியில் இருந்தபோது அதற்குக் கட்டுப்பட்டு நடந்தோம். பணி முடிந்த பிறகு மற்ற குடிமக்களுக்குப் பேச்சுரிமை தரும் 19ஆம் பிரிவுதானே நமக்கும்? அதில் நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு என்று நியாயமான வரம்புகள் ஏற்கெனவே உள்ளன. 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டமும் இருக்கிறது. இரகசியத்தை வெளியிடுபவரை நீதிமன்றத்தில் நிறுத்த வழி இருக்கும்போது, நீதிமன்றமே இல்லாமல் தண்டிக்க எதற்கு ஒரு விதி? ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அன்று என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

இன்னொன்று எனக்கு மிகவும் உறுத்துகிறது. இந்த அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய தகவல்களுக்கு அந்த விலக்கு இல்லை என்கிறது. அதாவது, படையில் ஊழல் நடந்ததா என்று வெளியில் இருப்பவர் மனு போட்டுக் கேட்கலாம். அதை நேரில் கண்டு ஓய்வுபெற்றவர் அனுமதி இல்லாமல் எழுதக் கூடாது. பட்டியலை அங்கிருந்து எடுத்தவர்கள், அதோடு இருந்த பாதுகாப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

பழனிவேல், கோயம்புத்தூர்:

முதலில் முருகேஸ்வரி அம்மாவுக்கு. அந்த நான்கு பக்கங்களை ஒளிக்க வேண்டாம். ஒரு குடும்பத்துக்கு எழுதிய தனிப்பட்ட கடிதத்தை வெளியீடு என்று எந்த அதிகாரியும் கொள்ளக் கூடாது. விதியின் சொற்கள் அப்படிக் கொள்ள இடம் தருகின்றன என்றால், அந்த இடம் திருத்தப்பட வேண்டும். இதில் எனக்கு இரு கருத்து இல்லை.

ராஜசேகரன், நீதிமன்றம் இருக்கிறதே என்கிறீர்கள். வெளியான செய்தியை நீதிமன்றம் திரும்பப் பெற்றுத் தராது. குற்றவாளிக்கு மூன்று ஆண்டுகள் கழித்துத் தண்டனை கிடைக்கலாம், ஆனால் அந்தச் செய்தியால் தாக்கப்பட்ட ரோந்து அணிக்கு அதனால் பயன் இல்லை. முன்கூட்டியே பார்க்க ஒருவர் வேண்டும் என்பதில் நான் உறுதியாகவே இருக்கிறேன். அந்த ஒருவர் அமைப்பின் தலைவராக இருக்க வேண்டுமா என்பதில் மட்டும் உங்கள் வாதத்தில் வலு இருக்கிறது. தவறு நடந்த காலத்தில் பொறுப்பில் இருந்தவரிடமே, அந்தத் தவறைப் பற்றி எழுத அனுமதி கேட்கும் நிலை வரலாம். அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவும், இத்தனை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்ற வரையறையும் இருந்தால் நான் எதிர்க்க மாட்டேன்.

அந்தோணிசாமி, தஞ்சாவூர்:

அப்படிப் பார்த்து வெளியிட முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கார்கில் போர் முடிந்த கையோடு, திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. பாதுகாப்பு கருதிச் சில பகுதிகளை நீக்கிவிட்டு, 2000 பிப்ரவரியில் அதன் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. நாடு அதனால் வலுவிழக்கவில்லை. மாறாக, 1962 சீனப் போரின் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. அந்தப் போரில் படைப்பிரிவை நடத்திச் சிறைப்பட்ட பிரிகேடியர் ஜான் டால்வி பின்னர் தாமே எழுதியதால்தான், குளிருக்கேற்ற உடையும் போதிய குண்டுகளும் இல்லாமல் வீரர்கள் அனுப்பப்பட்டதை அவர்களின் பிள்ளைகள் அறிந்தார்கள். அவரிடமும் அனுமதி கேட்கச் சொல்லியிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள்?

முருகேஸ்வரி, சிவகங்கை:

பழனிவேல் ஐயாவின் பதிலுக்கு நன்றி.

இன்னொன்றையும் கருதுங்கள். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் கணவரை இழந்த கடற்படை அதிகாரியின் மனைவி, முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் வெறுப்பு வேண்டாம், அமைதியும் நீதியும் வேண்டும் என்று சொன்னார். அதற்காக அந்தப் பெண்ணை இணையத்தில் எப்படியெல்லாம் ஏசினார்கள் என்பதைத் தேசிய மகளிர் ஆணையமே கண்டிக்க வேண்டியதாயிற்று. அவர் வாயை எந்த விதியும் அடைக்கவில்லை, கூட்டம் அடைக்கப் பார்த்தது. எங்கள் இறந்தவர்களின் பெயரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் கோபப்படலாம், வாக்குக் கேட்கலாம், ஆனால் இறந்தவரோடு வாழ்ந்தவளோ, உடன் நின்ற தோழரோ மாற்றாக ஒரு சொல் சொன்னால் ஆகாது என்றால், அந்த மரியாதை எங்களுக்கு வேண்டாம்.

சுபேதார் வேலாயுதம், கம்மவான்பேட்டை:

அந்தப் பெண்ணை ஏசியவர்களில் முன்னாள் வீரர்கள் என்று தங்களை அறிமுகம் செய்துகொண்டவர்களும் இருந்தார்கள் என்பதைப் பார்த்தேன். அவர்களுக்கு எங்கள் ஊர்ச் சங்கத்தில் இடம் இல்லை என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருகிறேன்.

ராஜசேகரன், நீங்கள் எழுத நினைப்பதை எழுதி, நடைமுறை விவரங்கள் எதுவும் வராமல் பழனிவேல் சாரையே ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு முறைப்படி அனுமதிக்கு அனுப்புங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ராஜசேகரன், ஆவடி:

அனுப்புகிறேன். வாகன இடைவெளியும் நேரமும் இடமும் அதில் இருக்காது. விமானம் பற்றிய கேள்வி இருக்கும், அதை நீக்க மாட்டேன். பழனிவேல் சார், உங்கள் முகவரியைத் தனிச் செய்தியில் தாருங்கள்.