மௌரியர் எழாதிருந்தால்: இதற்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,
இளங்கலை வரலாற்று மாணவருக்கு ஒரு பயிற்சித் தாள் தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வினா இது: சந்திரகுப்தர் மகதத்தை ஆண்ட நந்தரிடம் தோற்று, மௌரியப் பேரரசே எழாமல் போயிருந்தால்? இந்த ஆய்வுமுறையை ஆங்கிலத்தில் 'கவுன்டர்ஃபேக்சுவல்' என்கிறார்கள். 'மாற்று வரலாறு' என்று போட்டேன். "அடித்தள மக்கள் வரலாறா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அச்சொல் ஏற்கெனவே அங்கே குடிபோய்விட்டது. வேறு சொல் தாருங்கள்.
செ.

செ. ஐயா,
அணியிலக்கணத்தில், உலகில் இல்லாத ஒன்றை உவமையாக்கும் இல்பொருள் உவமை இருக்கிறதே! 'இல்பொருள் வரலாறு' என்றால் பள்ளியில் அணி படித்த எவருக்கும் விளங்கும்.
கு.

கு. ஐயா,
இல்பொருள் என்றால் முழுக் கற்பனை. இங்கே நந்தர் உண்டு, பாடலிபுத்திரம் உண்டு, கி.மு. 326இல் அலெக்சாந்தர் போரசுடன் பொருததும் உண்டு. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதெல்லாம் எப்படி நகரும் என்று பார்க்கிறோம். வரலாறு என்பது வரல் + ஆறு, வந்த வழி. வராத வழி 'வாராவாறு'. மரபு வழுவாத சொல்.
நா.

நா. ஐயா,
'பகை வாராவாறு காத்தான்' என்றுதான் மாணவர் படிப்பார்கள். இலக்கணம் சரி, காது ஏற்காது. 'நிகழா வரலாறு' எனலாமே?
ம.

ம. அம்மா,
செய்யா என்னும் வாய்பாடு உடன்பாட்டு வினையெச்சமாகவும் வரும். 'உண்ணா வந்தான்' என்றால் உண்டு வந்தான். 'நிகழா' என்பதை 'நிகழ்ந்து' என்று கொள்ள இடம் தருகிறீர்கள்.
கு.

பெயருக்கு முன் நிற்கையில் அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான் ஐயா. 'செல்லாக் காசு' என்பதில் யாருக்கும் மயக்கம் இல்லையே.
ம.

இடையே ஒன்று. மௌரியர் எழாதிருந்தால் சங்கப் புலவர் மாமூலனார் மௌரியரைச் சுட்டும் 'வம்ப மோரியர்' (அகநானூறு 251) இருக்காது. தொல்காப்பிய உரியியல் 'வம்பு நிலையின்மை' என்கிறது. புதியவர் என்ற பொருளைவிட நிலையற்றவர் என்பதே எனக்குப் பொருந்துகிறது. பெரும்பேரரசைத் தமிழ்ப் புலவர் நிலையற்றது என்றே அடைமொழியிட்டு அழைத்திருக்கிறார்.
நா.

மாமூலனார் சொல்பவர்கள் மௌரியப் பேரரசர் அல்லர், கொங்கணத்து மோரியர் என்போரும் உண்டு. அதைவிட முக்கியமானது அசோகரின் 2ஆம் பாறைக் கட்டளை. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. அந்தக் கல் இல்லையேல் மூவேந்தரின் தொன்மைக்கு நாம் காட்டும் முதன்மையான வெளிச்சான்றே போய்விடும். 1981இல் கிடைத்த சம்பைக் கல்வெட்டில் 'சதியபுதோ' (சத்தியபுத்திரர்) என்று அதியமான் நெடுமான் அஞ்சி வருவதை எதனோடு ஒப்பிட்டிருப்போம்? எழுத்தின் கதை இன்னும் சிக்கல். தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து அசோகன் பிராமியிலிருந்து வந்தது என்பார் வழியில் போனால், அவ்வெழுத்தில் உள்ள மாங்குளம் குகைக் கல்வெட்டே ஐயத்துக்குள்ளாகும். கொடுமணல், பொருந்தல் அகழாய்வுச் சான்றுகளைக் கொண்டு தமிழி அசோகருக்கு முந்தியது என்பார்க்கு எதுவும் குறையாது. செ. ஐயா, இதையே வினாவாக வையுங்கள்.
கு.

வைக்கிறேன் கு. ஐயா, நல்ல வினா. ஆனால் தலைப்புக்குச் சொல்?
செ.

என் தேவையையும் சொல்கிறேன். புள்ளியியல் நூல் மொழிபெயர்க்கிறேன். அங்கேயும் இதே சொல் வருகிறது: மருந்து கொடுத்தவருக்கு, கொடுக்காதிருந்தால் என்ன விளைந்திருக்கும்? 'வாராவாறு' அங்கே ஒட்டாது. 'நிகழா விளைவு', 'நிகழா வரலாறு' என்று ஒரே அடை இரண்டுக்கும் பயன்படுகிறது.
ம.

ம. அம்மாவின் காரணம் வலுவானது. நான் 'வாராவாறு' கைவிடுகிறேன். வரல் + ஆறு பிரிப்பை மட்டும் அடிக்குறிப்பில் சேருங்கள்.
நா.

நான் உடன்படவில்லை. பேரரசு நிகழாதது, வரலாறு நிகழாதது அன்று. கலிங்கத்தில் 1 லட்சம் பேர் மாண்டதாக அசோகரே பொறித்திருக்கிறார். அந்தப் போர் இல்லாத கலிங்கத்துக்கும் ஒரு வரலாறு இருந்திருக்கும். இல்பொருள் என்பதே என் பரிந்துரை. பதிவாகட்டும்.
கு.

பதிவு செய்துகொண்டேன் ஐயா. தாளில் 'நிகழா வரலாறு' என்று போகிறது. இம்முறை மட்டும் 'மாற்று வரலாறு அன்று' என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.
செ.