சக்திமான் கேபின்ல புது பீடிங் போட்டும் மழைத்தண்ணி இறங்குது, யாராவது வழி சொல்லுங்க

கெடிலக்கரையான் (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்):
எங்கப்பா ராணுவ ஏலத்துல எடுத்த சக்திமான் லாரி ஒண்ணு வீட்டுக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில ரொம்ப வருஷமா நிக்குது. இன்ஜின் ஓடுது. 2024 ஃபெஞ்சல் மழையில கேபின் தரை குளமாச்சு, அதுக்கப்புறம்தான் ரப்பர் வேலையில கை வச்சேன். முன் கண்ணாடி பீடிங் (ஓரத்துல தண்ணி இறங்காம அடைக்கிற ரப்பர் பட்டை), ரெண்டு கதவு பீடிங் எல்லாம் பஸ் பாடி சாமான் கடையில மீட்டர் கணக்குல வாங்கி மாத்தினேன். இப்போ நிலைமை இது:

இடது கதவை ரெண்டு தடவை அறைஞ்சாதான் லாக் விழுது. அப்படியும் கீழ் மூலையில தண்ணி. வலது கதவு ரப்பர் மூணே மாசத்துல ஊதிப்போய் கொழகொழன்னு ஆயிடுச்சு. கண்ணாடி ஓரத்துல மெக்கானிக் சிலிகான் அடிச்சார், அந்த இடத்துல பெயின்ட் கொப்புளம் கொப்புளமா கிளம்புது.

ஜெர்மன் ஒரிஜினல் ரப்பர் வரவழைச்சா சரியாகுமா?

உப்பளத்தான் (புதுச்சேரி):
ஜெர்மன் ரப்பரா? தம்பி, வண்டியோட டிசைன்தான் ஜெர்மனி மேன் (MAN) கம்பெனியோடது. பாடி ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில அடிச்சது. 1996-லேயே தயாரிப்பு நின்னுபோச்சு. அதுக்கப்புறம் எத்தனை பட்டறையில சுத்தியல் அடி வாங்கியிருக்கோ! ஒவ்வொரு கேபினும் இப்போ தனி அளவு. பழைய பீடிங்ல ரெண்டு அங்குலம் அறுத்து கையில எடுத்துட்டுப் போய், அதே வாய் (தகரத்தைக் கவ்வுற பள்ளம்), அதே தடிப்பு தேடுங்க. சென்னை புதுப்பேட்டையில ஒரு நாள் சுத்தினா கிடைக்கும்.

வில்லியனூர் டிங்கர்:
மூணும் மூணு வியாதி, ஒரே மருந்து கிடையாது.

வலது கதவு: ரப்பரை மாட்டும்போது வழுக்கறதுக்கு டீசலோ கிரீஸோ தடவினாங்களா? கேட்டுப் பாருங்க. இப்போ வர்ற பீடிங் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பர். வெயிலும் மழையும் அதை ஒண்ணும் பண்ணாது, ஆனா எண்ணெய் பட்டா ஊறிப்போயிடும். சோப்புத் தண்ணி மட்டும்தான் தடவணும்.

கண்ணாடி: அந்த சிலிகான் காயும்போது வினிகர் மாதிரி புளிச்ச வாடை அடிச்சிருக்குமே? அதுல அசிட்டிக் அமிலம் வெளியாகும், இரும்பைத் தின்னும். ஏற்கனவே நம்ம ஊர் உப்புக்காத்து, அதுக்கு மேல இது வேற. சுரண்டி எடுத்துடுங்க. அடிச்சே ஆகணும்னா அந்த அமிலம் வராத நியூட்ரல் சிலிகான், இல்லேன்னா பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட்.

இடது கதவு: நீங்க போட்டது கெட்டி ரப்பர்னு நினைக்கிறேன். கதவுக்கு உள்ளே பொந்து இருக்கிற பீடிங்கோ ஸ்பாஞ்ச் பீடிங்கோதான் வேணும், அமுங்கினாதானே லாக் விழும்? அதுக்கு முன்னாடி லாக் பக்கம் கதவைக் கையால தூக்கிப் பாருங்க. ஆட்டம் இருந்தா கீல் பின் தேஞ்சிருக்கு. தொங்குற கதவுக்கு எந்த ரப்பர் போட்டும் பிரயோஜனமில்ல.

ஓய்வு ஹவில்தார் (நெல்லிக்குப்பம்):
டிங்கர் சொன்னது சரி. நான் சக்திமான் ஓட்டினவன். சர்வீஸ்ல இருந்தப்பவே பெருமழைன்னா கால்ல ஈரம்தான், அதனால காரு மாதிரி எதிர்பார்க்காதீங்க. ஆனா எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம ரப்பர் வாங்கறது காசுக்குக் கேடு. ஒருத்தர் டார்ச்சோட உள்ளே உட்காரணும், இன்னொருத்தர் வெளியே ஓஸ் பிடிக்கணும். தண்ணியைக் கீழேர்ந்து ஆரம்பிச்சு மெதுவா மேலே கொண்டு போங்க. மேலேர்ந்து ஊத்தினா எல்லா இடமும் நனைஞ்சு ஒண்ணும் புரியாது. அப்புறம் கதவு அடியில தண்ணி வடியற ஓட்டை இருக்கும், அதைப் பட்டி (பெயின்ட்டுக்கு முன்னாடி பள்ளம் நிரப்புற பசை) போட்டு மூடியிருக்காங்களான்னு பாருங்க.

கெடிலக்கரையான்:
ஐயா, ஞாயித்துக்கிழமை மச்சானை உள்ளே உட்கார வச்சுப் பார்த்தாச்சு. அவன் முழங்கால்ல தண்ணி விழுந்ததும் கத்தினான். கதவு வழியா வரலை! கண்ணாடி கீழ் மூலையில இறங்கி, டேஷ்போர்டு பின்னாடி ஓடி, கதவு மூலையில சொட்டுது. அங்கே பீடிங்கை உருவினேன். உள்ளே ரப்பர் கவ்வுற தகர விளிம்பே இல்ல, ஒரு சாண் நீளத்துக்கு துரு தின்னுட்டுது. வலது கதவுல டீசல் தடவினது உண்மைதான். இடது கதவு கீல்ல ஆட்டமும் இருக்கு. அடி ஓட்டை ரெண்டுலயும் பட்டி.

வில்லியனூர் டிங்கர்:
அப்போ ரப்பரைக் குத்தம் சொல்லக்கூடாது. கவ்வ இடமில்லாம அது என்ன பண்ணும்?

கண்ணாடியைக் கழட்டிடுங்க. துருப்பிடிச்சதை நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்து, அதே கனத்துல துண்டு வச்சு வெல்டிங். விளிம்பு தடிச்சுடக் கூடாது, கிரைண்டர்ல சமம் பண்ணணும், இல்லேன்னா அந்த இடத்துல பீடிங் வாய் பிளக்கும். பட்டி வச்சு விளிம்பு உண்டாக்குறேன்னு எவனாவது சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. துருப்பிடிக்காம இருக்க எபாக்ஸி பிரைமர் ரெண்டு கோட், பெயின்ட், நல்லா காயணும். கீலுக்கு லேத்துல புது பின், அது சுத்துற புஷ் (உள்குழாய்).

பீடிங்கைக் கண்ணாடியில சுத்தும்போது இழுக்காதீங்க. சுத்தளவை விட ஒரு சென்டிமீட்டர் கூடவே விட்டு வெட்டி, ரெண்டு முனையும் முட்டுற மாதிரி வச்சு ஒட்டுங்க. இழுத்து ஒட்டினா வெயில்ல சுருங்கி வாய் திறந்துடும். கதவு பீடிங்னா இணைப்பு அடிப்பக்கம் வரணும்.

மாட்டுறதுக்கு நைலான் கயிறு. பீடிங்கோட வெளிப்பள்ளத்துல கயிறைச் சுத்தி விட்டு, ரெண்டு முனையும் கேபினுக்குள்ளே வர்ற மாதிரி கண்ணாடியை வெளியேர்ந்து வைங்க. சோப்புத் தண்ணி. வெளியே ஒருத்தர் உள்ளங்கையால அழுத்த, உள்ளே இருக்கறவர் கயிறை விளிம்போட ஒட்டி இழுத்துட்டே வரணும். ரப்பர் உதடு தானா விளிம்புக்கு மேல ஏறும். ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினா கண்ணாடி ஓரம் தெறிக்கும்.

உப்பளத்தான்:
மாட்டினதும் கதவுக்கு காகிதச் சோதனை பண்ணிடுங்க. பேப்பர் துண்டை வச்சுக் கதவைச் சாத்தி இழுத்தா கொஞ்சம் பிடிக்கணும். சும்மா வழுக்கிட்டு வந்தா அந்த இடத்துல பீடிங் தொடலைன்னு அர்த்தம்.

கெடிலக்கரையான்:
கண்ணாடி முடிஞ்சது. கயிறு வேலை மூணாவது தடவைதான் ஒழுங்கா ஏறுச்சு, மச்சான் ரெண்டு நாளா பேசலை. இடது கதவு கீல் மாத்தினதும் பழைய கெட்டி பீடிங்கோடவே ஒரு தட்டுல லாக் விழுது, ஆனா காகிதம் மேல் பக்கம் வழுக்குது. பொந்து பீடிங் வாங்கி வந்து மறுபடி பார்க்கணும். நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரம் நல்ல மழை, தரையில ஒரு சொட்டு இல்ல. வலது கதவு அடுத்த வாரம்.

ஓய்வு ஹவில்தார்:
மச்சானை வண்டியில ஏத்தி தேவனாம்பட்டினம் வரைக்கும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க. பேசுவார்.